நடுப்பக்கத்துல மூணு பேரு

ஒண்ணு இல்லண்ணே, எல்லாத்தையும். ஆமா, வெளிய தொங்குற அஞ்சும், உள்ள கட்டுப் பிரிக்காம வச்சிருக்கீங்களே அதுவும். அதேதான், இந்த மாசத்து இசைப் பத்திரிகை, அட்டைல சிவப்புக் கிட்டார் போட்டிருக்கே அது. எதுக்கா? படிக்கத்தான். சரி சரி, சிரிக்காதீங்க, ஒருத்தி ஒரே புத்தகத்தை இருபது தடவை படிக்க மாட்டானு எனக்கும் தெரியும். பையை எதுக்கு எட்டிப் பாக்கறீங்க, அதுலயும் அதேதான் இருக்கு. மார்க்கெட் முனைக் கடை, ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடை, ரெண்டையும் காலி பண்ணிட்டுத்தான் வர்றேன். உங்க கடை ஒண்ணுதான் பாக்கி.

இல்லண்ணே, போட்டிப் பத்திரிகை ஆளு இல்ல. இந்தப் பத்திரிகையோட ஆளேதான் நான். லேஅவுட் போடறவ. எழுதறவங்க எழுதிக் குடுப்பாங்க, படம் எடுக்கறவர் படம் குடுப்பார், எது எங்க நிக்கணும், எது பெருசா இருக்கணும், எது ஒதுங்கி நிக்கணும்னு அடுக்கறது என் வேலை. பதினாலு வருஷமா இதான் பொழப்பு. என் பேரு உள்ள எறும்பு சைஸுல இருக்கும், யாரும் பாத்ததில்ல. ஆமா, மலைலேர்ந்து வர்ற வண்டி நாலே முக்காலுக்குத்தானே? சில நாள் சீக்கிரம் வந்துடுமா? அய்யய்யோ, அப்ப மணி என்ன இப்ப?

என் தம்பி வர்றாண்ணே அதுல. மூணு மாசமா ஊர் ஊரா வாசிச்சுக்கிட்டுத் திரியறான். பேஸ் கிட்டார். நாலு கம்பி இருக்கும், பாட்டுக்கு அடில தொம் தொம்னு ஒண்ணு ஓடுமே, அது. நிறுத்தினாத்தான் அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியும். நேத்து போன் பண்ணினான். அக்கா, எங்க குழுவப் பத்தி நடுப்பக்கத்துல வருதுல்ல, நீ எனக்கு ஒண்ணும் அனுப்பிடாத, பஸ்ஸ விட்டு எறங்கினதும் ஸ்டாண்டுக் கடைல நானே வாங்கி, நின்ன எடத்துலயே பிரிச்சுப் பாப்பேன்னு சொல்றான். முப்பத்திரெண்டு வயசு அவனுக்கு. பேச்சக் கேட்டா பத்து வயசு மாதிரி இருக்கும். குழுவுல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வச்சிருக்கானாம், எங்க அக்காதான் பக்கம் போட்டவனு.

அதான் பிரச்சினை. இருங்க, நானே பிரிச்சுக் காட்டறேன். சரியா நடுவுல, பின் குத்தியிருக்கு பாருங்க. நடுப்பக்கம்னா ரெண்டு பக்கமும் ஒரே தாள், அதனால படத்தை இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் தைரியமா ஓட்டலாம். வேற பக்கத்துல ரெண்டும் வேற வேற தாள், மடிப்புல ஒரு விரலாவது முழுங்கிடும். அங்க கவனிக்காம வச்சீங்கன்னா ஆளோட மூக்கு காணாமப் போயிடும். இங்கயும் பின் இருக்கு, அது யார் மூஞ்சிலயும் குத்தக் கூடாது. பாருங்க, பாடறவளுக்கும் கிட்டார்காரனுக்கும் நடுவுல எப்படி விழ வச்சிருக்கேன்னு. அதுக்கு மட்டும் அரை நாள் ஆச்சு.

பக்கத்தைத் தொறந்ததும் உங்க கண்ணு எங்க போச்சு? உண்மையச் சொல்லுங்க. பாடறவ மூஞ்சிக்குத்தானே? ஆமா, போயே தீரணும். அவ வலது பக்கமா பாக்கறா, அவ பாக்கற எடத்துக்கு நீங்களும் பாப்பீங்க, அங்க கிட்டார்காரன் கை, கை முடியற எடத்துல ட்ரம்காரன் தூக்கின குச்சி, குச்சி காட்டற எடத்துல தலைப்பு. கண்ணுக்குத் தெரியாம உங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். தலைப்போட நிறம் பாருங்க, கிட்டார்ல இருக்கற அதே சிவப்பு. அதுக்கும் இதுக்கும் சொந்தம்னு உங்க கண்ணே சொல்லிடும். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். நல்ல பக்கம்ணே இது. அதான் வயித்தெரிச்சல்.

படத்துல எத்தன பேரு? மூணு. குழுவுல எத்தன பேரு? நாலு.

ஆமாண்ணே. அவனேதான்.

அந்தா ஒரு வண்டி திரும்புது, அது எந்த வண்டி? பச்சை போர்டா? அப்ப அது இல்ல. 

தெரியாம நடந்த தப்பெல்லாம் இல்லண்ணே, இதுல ஒரு கணக்கு இருக்கு. படம் எடுக்கும்போது நாலு பேரும் வரிசையா நின்னாங்க. இவன் வலது கோடி. கேமராவ அமுக்கற நேரத்துக்கு எவனோ கதவத் தொறந்திருக்கான், இவன் திரும்பி அந்தக் கதவப் பாத்துட்டான். எங்க தொழில்ல ஒரு விதி இருக்கு. ஓரத்துல நிக்கற ஆளு பக்கத்துக்கு உள்ள பாக்கணும். வெளிய பாத்தா, படிக்கறவன் கண்ணும் அவன் கூடவே வெளிய ஓடிடும், அடுத்த பக்கத்தத் திருப்பிடுவான். யாரைக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. அதனால வெட்டினேன்.

படத்தை அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்கலாமேங்கறீங்களா? பரவால்லயே, உங்களுக்கும் இதெல்லாம் தோணுதே! ஆனா செய்யக் கூடாது. ஒரு தடவை செஞ்சு பட்டிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு பெரிய வயலின்காரர் படம், வெளிய பாத்துக்கிட்டு நின்னார். நான் சமத்தா திருப்பிப் போட்டு உள்ள பாக்க வச்சுட்டேன். பத்திரிகை வந்த அன்னிக்குக் காலைல அவரே போன் பண்ணினார். அம்மா, நாப்பது வருஷமா வலது கைல வில்லு பிடிக்கறேன், நீ ஒரே ராத்திரில என்னை இடது கைக்காரனா மாத்திட்டியேம்மான்னார். வாசகர் கடிதம் வேற மூட்டை மூட்டையா. ஆபீஸ்ல இன்னிக்கும் என் பட்டப்பேரு இடதுகைதான். அதனால தம்பிய திருப்ப முடியாது. வாத்தியம் கைல இருக்கற எவனையும் திருப்ப முடியாது.

பின்னாடி ஒருத்தர் நிக்கறார், அவருக்கு என்ன வேணுமோ குடுத்துட்டு வாங்க, நான் இருக்கேன். தண்ணி பாட்டிலா, அதோ உங்க முழங்கைக்குப் பின்னாடி.

என்ன கேட்டீங்க? இந்த வெள்ளையா? கடைசிப் பையனுக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்கே, இது எதுக்குச் சும்மா கெடக்குன்னா? சும்மா இல்லண்ணே அது. அது பக்கத்துக்கு மூச்சு விடற எடம். எல்லாத்தையும் அடைச்சு வச்சா மனுசனுக்கு மூச்சு முட்டும். வெத்து எடம் விடத் தெரிஞ்சவன்தான் லேஅவுட் ஆளு, மத்தவன் சாமான் அடுக்கறவன். ஆமா, நாலு விரல் அகலம் இருக்கும். கொஞ்சம் அதிகம்தான்னு உங்களுக்குத் தோணும். பழகினா தோணாது.

கண்ணு ரொம்பக் கூர்மைண்ணே உங்களுக்கு. கீழ ஓரத்துல கருப்பா ஒரு முக்கோணம், ஆமா, அதுவும் தெரிஞ்சுதா? ஷூ. அவன் ஷூவோட நுனி. அது வரைக்கும் வெட்டினா ட்ரம்காரன் கால் போயிடும். கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷத்துல அழிச்சிருக்கலாம். கைய வச்சேன், அழிக்க முடியல. படம் எடுக்கறாங்கன்னு அந்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டுப் போனான். எனக்கு போன் பண்ணிக் கேட்டான், படத்துல கால் தெரியுமா அக்கான்னு. நான் சொன்னேன், தெரியும்டா, நல்லா தொடச்சிட்டுப் போன்னு.

இல்ல, அழல. பஸ்ஸு விடற புகை.

அண்ணே, குடுங்கண்ணே. ரெண்டு எடுத்து வச்சிட்டீங்களா? யாருக்கு? முடி வெட்டறவருக்கு ஒண்ணு, பாட்டு டீச்சருக்கு ஒண்ணா. அதெல்லாம் வாடிக்கை, மாத்த முடியாது, புரியுது. ஆனா அவன் கண்ணுல படற மாதிரி வைக்காதீங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறியேம்மாங்கறீங்க. மறைக்கத்தான் பாக்கறேன். இன்னிக்கு ஒரு நாள். வரல, நாளைக்கு வரும்னு சொல்லிடுங்க. அவன் வீட்டுக்கு வரட்டும், சாப்பிடட்டும், நான் மெதுவா சொல்லிக்கறேன். அந்த விதியச் சொன்னா அவனுக்குப் புரியும். வெளிய பாத்த, வெட்டிட்டேன், தொழில்டா இது. புரியாதா? புரியும். நீங்க என்ன சொல்றீங்க?

எதுக்கு மறுபடியும் பிரிக்கறீங்க அத?

எது? அந்தப் பெரிய எழுத்தா? அதுக்குப் பேரு எடுத்துக்காட்டு வரி. உள்ள இருக்கற பேட்டிலேர்ந்து நறுக்குன்னு ஒண்ண எடுத்து, பெருசாக்கி நடுவுல போடுவோம். படிக்கலாமா வேணாமான்னு நிக்கறவன இழுத்துப் போடற தூண்டில் அது. இதுல, எங்க வீட்ல என் வாசிப்ப யாரும் காது குடுத்துக் கேட்டதே இல்லன்னு இருக்கா? கீழ பேரப் பாருங்க. ஆமா, தம்பி சொன்னதுதான். பேச்சு இருக்கு, ஆளைக் காணோம். நீங்க கவனிச்சுட்டீங்க. எங்க எடிட்டர் கவனிக்கல. போன்ல பேசிக்கிட்டே பக்கத்தப் பாத்தார், மூணு பேரு, நல்லா இறுக்கமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டார். நாலாவது எங்கன்னு கேப்பார், கேட்டா பழையபடி வச்சிடலாம்னு அவர் மேசை முன்னாடியே நின்னேன். கேக்கவே இல்ல.

நீங்களே சொல்லுங்க, அந்த வரியப் படிச்சா எனக்கு எப்படி இருக்கும்? யாரும் கேட்டதில்லையாம்! அப்பாவுக்குப் பிடிக்காதுங்கறது நெஜம். கிட்டாரத் தொட்டாலே வீடு ரெண்டாகும். அம்மா அப்பா பக்கம். நான்? நான் யாரு அந்த வீட்ல? அவன் தப்புத் தப்பா அடிச்ச காலத்துலேர்ந்து கேட்டவ நான். எனக்கு மறுநாள் பரீட்சை இருக்கும், அப்பவும் கேப்பேன். அப்பா வர்ற சத்தம் கேட்டா இருமி சைகை குடுப்பேன். பதினோரு வருஷம்ணே. ஊருக்கே பேட்டி குடுக்கறான், என் வாசிப்ப யாரும் கேட்டதில்லன்னு. அந்த வரியப் பெருசு பண்ணி, எழுத்த அழகு பண்ணி, நடுப்பக்கத்துல வைக்கற வேலை எனக்கு! எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுது. ஆனா அதனால வெட்டலண்ணே. அது வேற, இது வேற. எடம் இல்லாமத்தான் வெட்டினேன். அவன் வெளிய பாத்தான்ல.

அப்படிப் பாக்காதீங்க.

இன்னொரு விஷயம் சொல்லணும் உங்களுக்கு. பக்கம் போடறவங்க படிக்க மாட்டோம். கேட்டா சிரிப்பீங்க. பதினாலு வருஷத்துல நான் போட்ட பேட்டில முழுசா படிச்சது பத்து இருக்குமா, சந்தேகம்தான். எங்களுக்கு அது எழுத்து இல்ல, சாம்பல் கலர்ல ஒரு பெட்டி. இவ்ளோ நீளம், இவ்ளோ அகலம், நாலு வரி மிஞ்சுது, ரெண்டு வரி குறையுது, அவ்ளோதான். திருத்தறவர் பெரிய எழுத்துல வர வேண்டியத மட்டும் கோடு போட்டுத் தருவார். அத மட்டும் படிப்போம். அது நச்சுனு இருக்கணும், நீளமா இருந்தா எடுபடாது. அதனால அவர் ஒரு வாக்கியத்தோட நிறுத்திடுவார். அவர் மேல தப்பு இல்ல, அவர் வேலை அது.

இன்னிக்குக் காலைல ஆபீஸுக்கு முதல் கட்டு வந்துது. ஒண்ண எடுத்துக்கிட்டு டவுன் பஸ்ல ஏறினேன். உக்கார எடம் கெடச்சுது. பக்கத்துல ஒரு அம்மா, புதுப் புத்தகமா, பாக்கலாமான்னு எட்டிப் பாக்கறாங்க. அவங்களுக்காகப் பிரிச்சேன். அவங்க படிக்கறாங்களேன்னு நானும் கூடப் படிச்சேன், முதல் தடவையா, சின்ன எழுத்த. இந்தாங்க, வலது பக்கம், ரெண்டாவது பத்தி, கீழேர்ந்து ஏழாவது வரி. உங்களுக்குக் கண்ணாடி வேணுமா? வேணாம், நானே சொல்றேன், மனப்பாடம் ஆயிடுச்சு. எங்க வீட்ல என் வாசிப்ப யாரும் காது குடுத்துக் கேட்டதே இல்ல. முற்றுப்புள்ளி. அக்காவத் தவிர. சத்தம் வெளிய கேக்காம இருக்க ஸ்பீக்கர் இல்லாம, கிட்டாரோட தலைய மர அலமாரில அழுத்தி வச்சுத்தான் வாசிப்பேன், அக்கா அலமாரிக் கதவுல காது வச்சுக்கிட்டே பாடம் படிக்கும். இன்னிக்கும் மேடைல நான் யாருக்காவது வாசிக்கறேன்னா, அலமாரிக்கு அந்தப் பக்கம் இருக்கற அந்த ஒரு காதுக்குத்தான்.

அவ்ளோதான். அதுக்கப்புறம் ட்ரம்காரன் பேச ஆரம்பிச்சிடறான்.

அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? குடுத்து வச்ச அக்கான்னாங்க. அப்புறம் படத்தத் தேடறாங்க, இதுல எந்தப் பையன் இதச் சொன்னதுன்னு. விரல வச்சுத் தேடறாங்கண்ணே. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டேன். அப்பலேர்ந்து கடை கடையா அலைஞ்சுக்கிட்டிருக்கேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்களே, என் விஷயத்துல ஆத்திரக்காரிக்குக் கண்ணும் மட்டு.

நீங்க சொல்றதும் சரிதான். எத்தன கடையத்தான் காலி பண்ணுவேன். அவன் குழுவுல மத்த மூணு பேரும் வாங்கத்தான் போறாங்க, சொந்த மூஞ்சிய யாரு பாக்காம விடுவா. நாளைக்கு எல்லா ஊருக்கும் போயிடும். அடுத்த மாசம் வருத்தம் தெரிவிக்கிறோம்னு ஒரு பெட்டி போடலாம், எறும்பு சைஸுல. அதுக்கும் நாந்தான் பக்கம் போடணும்.

வந்துடுச்சா? எந்தப் பக்கம்? மணி இன்னும் ஆகலையே! அதேதான், கூரைமேல பெட்டியெல்லாம் கட்டியிருக்கு. முன் படில ஒருத்தன் தொங்கிக்கிட்டு வர்றான் பாருங்க, முதுகுல நீளப் பெட்டி, வண்டி நிக்கறதுக்குள்ள குதிக்கறான். எத்தன தடவை சொல்லியிருக்கேன் நின்னப்புறம் எறங்குடான்னு. இளைச்சுட்டாண்ணே. வேற எங்கயும் பாக்கல, நேரா உங்க கடையத்தான் பாக்கறான். சிரிச்சுக்கிட்டே வர்றான், பாவி.

அந்தக் கட்ட எடுத்து வெளிய வைங்கண்ணே. ஆமா, வைங்க. தொங்க விடுங்க. என்னையும் பாத்துட்டான், கை ஆட்டறான். அவனுக்கு அந்தச் சின்ன எழுத்து எதுக்கு, அவன் சொன்னது அவனுக்குத் தெரியும். படிச்சிருக்க வேண்டியவ நான்.

வாடா. வா. பெட்டிய எறக்கி வை முதல்ல. சாப்பிட்டியா? இரு, பிரிக்காத. கைய எடு, ஒரு நிமிஷம் பிரிக்காத, நான் சொல்லிடறேன். படத்துல நீ இல்ல. எடமெல்லாம் இருந்துச்சுடா, தாராளமா இருந்துச்சு. நாந்தான் வெட்டினேன்.